"யாரிடமும் கை நீட்டாத குடும்பம்" என்று நான் வகுப்பில் சொன்னது தவறு



பதிவு நீளம். "மணி அடித்தாலும் சார் வகுப்பை விடமாட்டார், ஃபேஸ்புக்கிலுமா?" என்று சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரித்துக்கொண்டே படியுங்கள். திட்டுவதாக இருந்தால் மட்டும் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு படம் சுற்றியது. வெள்ளைத் துணி போர்த்திய கூண்டு வண்டி, இரண்டு குதிரைகள், தாடி வைத்த ஓர் அப்பா, பின்னால் குழந்தைகள். கீழே நாலு வரி. அமெரிக்காவை உருவாக்கியவர்கள் இலவச அரிசி கேட்கவில்லையாம், மானியம் கேட்கவில்லையாம், வெறுங்கையோடு போய்க் காட்டைக் கழனியாக்கினார்களாம். நாமோ ரேஷன் கடை வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமாம். அதற்கு ஏகப்பட்ட கைதட்டல்கள். என் தம்பி மகனும் தட்டியிருந்தான். அமெரிக்காவில் இருக்கும் ஒரு மாணவர், "சார், நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் கதை சொன்னீர்களே, அந்தக் குடும்பம் மாதிரிதானே?" என்று என்னையும் சாட்சிக்கு இழுத்தார்.

இழுத்தது நல்லதாயிற்று. சாட்சி சொல்கிறேன். ஆனால் பிறழ்சாட்சியாகத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கதை சொன்னது இங்கல்ஸ் குடும்பத்தைப் பற்றி. லாரா இங்கல்ஸ் வைல்டர் என்ற அம்மையார் தன் சிறுவயது வாழ்க்கையை வைத்து எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' வரிசையில் 1932-க்கும் 1943-க்கும் இடையில் எட்டுப் புத்தகங்கள் வந்தன. அப்பா சார்லஸ், அம்மா கரோலின், அக்கா மேரி, தங்கைகள் கேரி, கிரேஸ். அப்பா மரம் வெட்டி வீடு கட்டுவார், கிணறு தோண்டுவார், இரவில் பிடில் வாசிப்பார். உங்களில் பலருக்கு அந்தப் பிடில் நினைவிருக்கும். கதையை முடிக்கும்போது ஒவ்வொரு வருடமும் நான் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன்: "யாரிடமும் கை நீட்டாத குடும்பம்."

ஒரு வருடம் இந்த வாக்கியத்தைச் சொன்ன அன்று, ஒரு மாணவன் உதவித்தொகைப் படிவத்தோடு மேசைக்கு வந்தான். உள்ளே அவன் அப்பாவின் வருமானச் சான்றிதழ். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "இப்போதுதானே கதை கேட்டாய்? நாமும் அந்த மாதிரி நிற்கப் பழக வேண்டும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அறிவுரை சொன்ன திருப்தி எனக்கு. அவன் காதெல்லாம் சிவந்துபோனது இன்றும் கண்ணில் நிற்கிறது. அவனும் இந்தக் குழுவில் இருக்கிறான். அந்தப் படத்துக்குக் கீழே அவன் ஒன்றும் எழுதவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் நான் மிச்சக் கதையைப் படித்தேன். லாரா அம்மையார் நாவல்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்த வாழ்க்கைக் குறிப்பு 'பயனியர் கேர்ள்' என்ற பெயரில் விரிவான விளக்கங்களோடு 2014-ல் அச்சில் வந்தது. கரோலின் ஃப்ரேசர் எழுதிய வாழ்க்கை வரலாறு 2018-ல் புலிட்சர் பரிசு பெற்றது. இரண்டையும் படித்தபோது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து அதை நானே வருடா வருடம் பரிமாறியிருக்கிறேன் என்பது புரிந்தது.

குடும்பத்தின் வேரிலிருந்து தொடங்குகிறேன். இவர்கள் புதிதாக வந்து இறங்கியவர்கள் அல்ல. மூதாதையரான எட்மண்ட் இங்கல்ஸ் 1629-லேயே மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரில் குடியேறியவர். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி மார்த்தா கேரியரைத்தான் 1692-ல் சேலம் ஊரில் சூனியக்காரி என்று சொல்லித் தூக்கிலிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக மேற்கே நகர்ந்த இந்த வம்சத்தில் சார்லஸ் 1836-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். கரோலின் 1839-ல் விஸ்கான்சினில் பிறந்தார். ஐந்து வயதில் தகப்பனை மிச்சிகன் ஏரியில் கப்பல் விபத்தில் பறிகொடுத்தவர். இரண்டு குடும்பங்களும் அக்கம்பக்கம். நம் ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது போல இரு வீட்டாருக்கும் இடையே மூன்று திருமணங்கள் நடந்தன. தனி மரமாக நின்ற குடும்பம் அல்ல, தோப்பாக இருந்த குடும்பம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாட்ஸப் படம் சொல்லும் பொய்களுக்கு வருகிறேன். மூன்று பொய்கள்.

முதல் பொய்: நிலம் சும்மா கிடந்தது.

1869-ல் சார்லஸ் குடும்பத்தோடு கான்சாஸ் மாநிலத்தில் இண்டிபென்டன்ஸ் என்ற ஊருக்கு அருகே போய் வீடு கட்டினார். புகழ்பெற்ற அந்தப் புல்வெளி வீடு இதுதான். அந்த இடம் ஓசேஜ் மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டிருந்த நிலம். அரசாங்கம் அதைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடவில்லை. சார்லஸிடம் பட்டா இல்லை, அனுமதி இல்லை, விலை கொடுத்த ரசீதும் இல்லை. அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் நுழைந்து, அங்கிருந்த மரத்தை வெட்டி, அங்கேயே வீடு கட்டினார்கள். நெருக்கடி முற்றியதும் 1870 ஜூலையில் ஓசேஜ் மக்களை வெளியேற்றுவதற்கான சட்டம் வந்தது. அவர்கள் நிலத்தை ஏக்கர் ஒன்றே கால் டாலருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போனார்கள்.

நம் ஊரில் ஆற்றோரப் புறம்போக்கில் ஒருவர் குடிசை போட்டால் அவருக்கு என்ன பெயர்? ஆக்கிரமிப்பாளர். பேப்பரில் அப்படித்தான் போடுவார்கள், ஜேசிபி வரும். அடுத்தவர் நிலத்தில் சார்லஸ் வீடு கட்டினால் மட்டும் அவருக்குப் பெயர் முன்னோடி.

"அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கக் கூடாது சார்" என்று ஒருவர் உடனே எழுதுவார், தெரியும். நான் அந்தக் காலத்து அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறேன். 1870 மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர் இங்கல்ஸ் குடும்பத்தின் பெயரைப் பதிவு செய்தார். கூடவே, நிலம் ஓசேஜ் மக்களுடையது, குடியேறியவர்களுக்கு உரிமை இல்லை என்பதையும் குறித்து வைத்தார். அன்றைய அரசு ஊழியர், அன்றைய பேனாவால், அன்றே எழுதியது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது.

புத்தகத்தில் என்ன ஆயிற்று? 1935-ல் வந்த முதல் பதிப்பின் தொடக்கப் பக்கத்தில், அங்கே மக்களே இல்லை, இந்தியர்கள் மட்டும்தான் இருந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. பதினேழு வருடம் கழித்து ஒரு வாசகர், அப்படியானால் இந்தியர்கள் மக்கள் இல்லையா என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். 1953 பதிப்பில் 'மக்கள்' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் 'குடியேறிகள்' என்று மாற்றினார்கள். லாரா அம்மையாரும் தவறை ஏற்றுக்கொண்டார். அந்த நேர்மைக்கு அவரை வணங்குகிறேன். ஆனால் நான் கவனிக்கவே இல்லையே! எத்தனை வருடம் அந்தக் கதையைச் சொன்னேன், அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று ஒரு மாணவனையும் கேட்க விட்டதில்லை.

கான்சாஸ் மட்டுமல்ல. 1874-ல் இவர்கள் குடியேறிய மினசோட்டாவின் வால்நட் குரோவ் பகுதி டகோட்டா மக்களின் பூமி. அங்கே 1862-ல் பசியாலும் ஏமாற்றத்தாலும் போர் மூண்டது. அந்த வருடம் டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ என்ற ஊரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருடம் அந்த மக்களையே மாநிலத்தை விட்டு விரட்டினார்கள். பன்னிரண்டு வருடம்கூட முழுதாக ஆகாத நிலையில்தான் நம் கதையின் கூண்டு வண்டி அங்கே போய் நின்றது.

இரண்டாம் பொய்: யாரும் உதவவில்லை.

அமெரிக்காவில் 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் என்ன சொன்னது? குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். செலவு ஏறக்குறைய 18 டாலர் கட்டணம் மட்டும். இப்படி 16 லட்சம் பேருக்குக் கிடைத்தது சுமார் 27 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப் போல எட்டு மடங்குக்கும் மேல்! உலகத்தில் எந்த அரசும் தன் மக்களுக்குக் கொடுத்த பெரிய இலவசங்களில் இது ஒன்று. கொடுத்தது யார் வீட்டுச் சொத்தை என்பது வேறு விஷயம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. இருபது கிலோ அரிசியை இலவசம் என்று இளப்பமாகச் சொல்கிறோம். 160 ஏக்கருக்கு நாம் வைத்த பெயர் சொந்த உழைப்பு!

இனி இந்த ஒரு குடும்பத்தின் கணக்கை மட்டும் பாருங்கள்.

கான்சாஸில் குடும்பமே மலேரியாவில் படுத்துவிட்டது. வந்து காப்பாற்றியவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர், ஓசேஜ் மக்களிடையே வைத்தியம் பார்த்து வந்தவர். அவர் வந்திராவிட்டால் எழுதுவதற்கு லாராவே இருந்திருக்க மாட்டார்.

மினசோட்டாவில் வெட்டுக்கிளிப் படை வானத்தை மறைத்துக்கொண்டு வந்து கோதுமையை அடியோடு தின்றது. அப்பா கால்நடையாகவே வெளியூர் போய்க் கூலிக்கு அறுவடை செய்து பணம் அனுப்பினார் என்று புத்தகம் சொல்லும். அது உண்மைதான். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றும் நடந்தது. 1875-ல் சார்லஸ் இங்கல்ஸ் அதிகாரிகள் முன்னால் போய், தன்னிடம் எந்த வசதியும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நிவாரணமாக இரண்டு அரைப் பீப்பாய் மாவு வாங்கிக்கொண்டு வந்தார்.

இதை நிதானமாகப் படியுங்கள். இல்லாமையை எழுத்தில் ஒப்புக்கொண்டு ஒரு தகப்பன் போட்ட கையெழுத்து. நம் பாஷையில் சொன்னால் வருமானச் சான்றிதழ். நான் உதாரண புருஷராக நிறுத்திய சார்லஸும், என் மாணவனின் அப்பாவும் ஒரே மாதிரித் தாளில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்பதற்காகப் போட்ட கையெழுத்தில் கேவலம் எங்கே இருக்கிறது? கேவலம் அதை மறைத்துவிட்டு இன்னொருவனைக் குத்திக்காட்டுவதில் இருக்கிறது. அதைச் செய்தவன் நான்.

இன்னும் கேளுங்கள். 1879-ல் கடனும் நோயுமாகக் குடும்பம் தவித்தபோது, சார்லஸின் தங்கை டோஷியா மூலமாகத்தான் டகோட்டாவில் ரயில் பாதை போடும் முகாமில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. நமக்குத் தெரிந்த சிபாரிசுதான், தப்பில்லை. அதே வருடம் மேரிக்குக் காய்ச்சலில் கண் போயிற்று. 1881-ல் அவளை அயோவா மாநிலத்தில் விண்டன் என்ற ஊரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரிக்கு அனுப்பினார்கள். லாராவின் வாத்தியார் சம்பளத்திலும் வீட்டுச் சேமிப்பிலும்தான் அந்தப் படிப்பு நடந்தது என்றே புத்தகத்தைப் படித்தால் தோன்றும். துணிமணிக்கும் பயணத்துக்கும் அவர்கள் பாடுபட்டது உண்மை. படிப்புச் செலவைக் கட்டியது டகோட்டா பிரதேச அரசு. தன் எல்லைக்குள் அப்படி ஒரு பள்ளி இல்லாததால், வெளி மாநிலத்தில் படிக்க வைத்தது. மக்கள் வரிப்பணத்தில் ஓர் ஏழைப் பெண் 1889 வரை படித்துத் தேறினாள். பெருமையாகச் சொல்ல வேண்டிய கதை இது. ஏன் மறைக்க வேண்டும்?

உதவி வாங்கியதை மறைத்தார்கள், சரி. உதவி செய்ததையும் மறைத்ததுதான் எனக்கு ஆச்சரியம். 1880–81 குளிர்காலம் கொடூரமானது. பனியில் ரயில் நின்றுபோய் ஊரே பட்டினி கிடந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஜார்ஜ் மாஸ்டர்ஸ், மேகி என்ற இளம் தம்பதியும் அவர்களின் கைக்குழந்தையும் இங்கல்ஸ் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். இருக்கிற கொஞ்சத்தையும் பகிர்ந்துதான் தின்றார்கள். நாவலில் அவர்களைக் காணோம். ஒரு குடும்பம் தன்னந்தனியாகப் பனியை வென்றது என்று காட்ட வேண்டியிருந்ததே!

மூன்றாம் பொய்: உழைத்தவர் எல்லோரும் வென்றார்.

சார்லஸைப் போல உழைத்தவரை நான் கண்டதில்லை. ஆனால் அவர் கதை வெற்றிக் கதை இல்லை. விஸ்கான்சின், கான்சாஸ், மறுபடி விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, மறுபடி மினசோட்டா, டகோட்டா. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து தொடக்கம். 1875 நவம்பரில் ஃப்ரெடி என்று ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஒன்பதே மாதத்தில், 1876 ஆகஸ்டில் இறந்துபோனது. நாவல்களில் ஃப்ரெடி இல்லை. அதன் பிறகு அயோவாவில் பர் ஓக் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்துக் காலம் தள்ளினார்கள். அங்கே ஒரு மருத்துவரின் மனைவி, "லாராவை எனக்குத் தத்துக் கொடுத்துவிடுங்கள்" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா மறுத்துவிட்டார். கடைசியில் கடன் தீர்க்க முடியாமல் இரவோடு இரவாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அந்த ஊரே நாவல்களில் இல்லை.

டகோட்டாவில் சார்லஸுக்கு 1886-ல் நிலம் சொந்தமாயிற்று. அடுத்த வருடமே டவுனுக்குக் குடிபோய்த் தச்சு வேலை பார்த்தார்; சில வருடத்தில் நிலத்தை விற்றார். லாராவும் கணவர் அல்மான்சோவும் வறட்சி, தொண்டை அடைப்பான் நோய், தீ விபத்து, பச்சிளங்குழந்தையின் சாவு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 1894-ல் டகோட்டாவையே விட்டு மிசௌரிக்குப் போனார்கள். சோம்பேறிகளா இவர்கள்? மழை குறைந்த சமவெளியில் 160 ஏக்கரை வைத்துக்கொண்டு பிழைப்பது கஷ்டம் என்பதுதான் விஷயம். அதைச் சொன்னால் வாட்ஸப் படத்துக்கு நாலு வரி கிடைக்காது.

சரி, ஏன் இப்படி எழுதப்பட்டது? புத்தகங்கள் வந்தது பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாதவர்களுக்கும் விவசாயிகளுக்கும் உதவித் திட்டங்கள் கொண்டுவந்தது. லாராவின் மகள் ரோஸ் வைல்டர் லேன் பெயர் பெற்ற எழுத்தாளர், அம்மாவின் கையெழுத்துப் பிரதிகளைச் செப்பனிட்டவர். அரசு உதவி என்றாலே அவருக்கு ஆகாது. லாராவுக்கும் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காது. அரசின் கையை எதிர்பார்க்காத குடும்பம் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. சொந்தக் குடும்பத்தையே அப்படிச் செதுக்கிக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சார்லஸின் பாட்டி டெலானோ வம்சத்துப் பெண். ஃப்ராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட் தூரத்து உறவு! இன்னொன்று: லாரா அம்மையார் மிசௌரியில் சுமார் பத்து வருடம் பார்த்த வேலை, மத்திய அரசின் விவசாயக் கடன் திட்டத்தில் ஊர்ச் சங்கச் செயலாளர். அண்டை விவசாயிகளுக்கு அரசுக் கடன் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஏறிய ஏணியை எட்டி உதைக்காதே என்று நம் பாட்டிகள் சொன்னது சும்மா இல்லை.

என்னைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லாராவைத் திருடர் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்ல வரவில்லை. கான்சாஸில் இருந்தபோது அவருக்கு இரண்டு, மூன்று வயது. அந்தக் கிணறும் பிடிலும் குளிரும் பட்டினியும் உண்மை. கரோலின் அம்மாள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. 2018-ல் அமெரிக்க நூலகர்கள் குழந்தை இலக்கிய விருது ஒன்றிலிருந்து லாராவின் பெயரை எடுத்தபோது, புத்தகத்தையே ஒழிக்கிறார்கள் என்று கூச்சல் வந்தது. யாரும் ஒழிக்கவில்லை, புத்தகம் இன்றும் கிடைக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மாணவரே, உங்கள் மகளிடமிருந்து அதைப் பிடுங்காதீர்கள். அவளோடு உட்கார்ந்து படியுங்கள். படிக்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: இந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள்? இந்தக் குடும்பத்துக்கு யார் யார் கை கொடுத்தார்கள்? எழுதாமல் விட்டது என்ன?

குடும்ப வரலாறு எழுதும் எவரும் இந்த மூன்றையும் கேட்டே ஆக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்த பக்கங்களில்தான் பெரும்பாலும் நன்றிக்கடன் இருக்கிறது. மாவு கொடுத்தவர், மருந்து கொடுத்தவர், நிலத்தை இழந்தவர், எல்லோரும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறார்கள். அவற்றைக் கிழித்துவிட்டு மிச்சத்தை அடுத்தவன் முகத்தில் வீசுவது வரலாறு ஆகாது. அந்த வாட்ஸப் படத்தை அனுப்பியவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான்: ரேஷன் வரிசையில் நிற்பவரைத் திட்ட உங்களுக்கு ஆசை என்றால் உங்கள் சொந்த வாயால் திட்டுங்கள். சார்லஸ் இங்கல்ஸைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். அவரும் அந்த வரிசையில் நின்றவர்.

கடைசியாக, உதவித்தொகைப் படிவத்தோடு அன்று என் மேசைக்கு வந்த மாணவருக்கு.

ஐயா, அன்று நான் சொன்னது தவறு. நாற்பது பேர் முன்னால் சொன்னதால், மன்னிப்பையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் கேட்கிறேன். உங்கள் அப்பா போட்ட கையெழுத்தில் ஒரு குறையும் இல்லை. குறை என் பாடத்தில் இருந்தது. முடிந்தால் மன்னியுங்கள். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள். இந்தக் கதையை முதலிலிருந்து ஒழுங்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஆங்கில வாத்தியார்